வெறும் எடை எழுபத்திரண்டு நானூறு

அச்சகத்தில் அவளுக்கு ஊசி என்று பெயர். பைண்டிங் பிரிவில் பதினோரு வருஷமாகத் தாள் மடித்துத் தைக்கிறவள். கைக்கு வைத்த பெயரா, வாய்க்கு வைத்த பெயரா என்று யாராவது கேட்டால், "ரெண்டுக்கும்தான். உங்களுக்கு எது வேணும்?" என்பாள். ஒரு கட்டுத் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் தள்ளிப் பார்த்தே இதில் நாலு தாள் குறைகிறது என்று சொல்லிவிடுவாள். மேற்பார்வையாளர் நம்பாமல் எண்ணிப் பார்ப்பார், நாலுதான் குறையும். அப்படிப்பட்டவளுக்கு, தான் பெற்ற பிள்ளை வளர்கிறதா இல்லையா என்று சொல்ல மட்டும் சொந்த வீட்டில் உரிமை இல்லாமல் போயிற்று. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

காரணம் அவள் வீட்டுக்காரர். லாரி எடைமேடையில் எடை போடுகிறவர். சரக்கு ஏற்றிய லாரி மேடைமேல் ஏறி நிற்கும். இவர் சின்ன அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். மொத்த எடையிலிருந்து வண்டியின் வெறும் எடையைக் கழித்தால் சரக்கு எடை, அவ்வளவுதான் கணக்கு. வெறும் எடையை ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை காலி வண்டியை ஏற்றி எடுத்து, கதவில் பெயின்டால் எழுதிவிடுவார்கள். அடுத்த வருஷம் வரைக்கும் அந்த எண்தான் வேதவாக்கு. எதை எடுத்தாலும் "முத்திரை இருக்கா?" என்று கேட்கிற ஆசாமி என்பதால் லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் முத்திரை. எடைபோடும் எந்தச் சாதனத்திலும் சோதனை அதிகாரி வந்து ஈய முத்திரை குத்தியிருந்தால்தான் அவர் கண்ணுக்கு அது தராசு, இல்லாவிட்டால் தகரம். நல்ல மனுஷர்தான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் ஒற்றைக் காலில் நின்றார் என்றால் மற்றக் காலை இறக்க யாராலும் முடியாது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், கூடத்துக் கதவைத் தாண்டி ஒரு இரும்புச் சனியன் உள்ளே வந்தது. எடைமேடையில் மூட்டை நிறுக்க வைத்திருந்த பழைய பிளாட்பாரத் தராசு. புதுசு வந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள், இவர் கேட்டு வாங்கி வண்டி பிடித்து ஏற்றி வந்துவிட்டார். கீழே ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு இரும்புப் பலகை, மேலே நெஞ்சுயரத்தில் ஒரு பித்தளைக் கோல், அதில் நகர்த்துகிற ஒரு குண்டு. கூடவே, தராசைச் சோதிக்க இருபது கிலோ இரும்பு எடைக்கல் ஒன்று. கூடத்தில் பாதி போயிற்று. ஊசி முதல் வாரத்திலேயே அதில் நாலு தடவை கால் சுண்டுவிரலை இடித்துக்கொண்டாள்.

"குழந்தையை நிறுக்க இதா?" என்று கேட்டாள்.

"முத்திரை போட்ட தராசு. நூறு கிராம் கூடப் பிசகாது."

"அப்ப படுக்க வெச்சு நிறுங்க."

"இது பத்துக் கிலோவுக்குக் கீழ பேசாது. பாரு, தகட்டுலயே போட்டிருக்கான். நான் தூக்கிக்கிட்டு ஏறணும். என் வெறும் எடையைக் கழிச்சிட்டா பாப்பா எடை."

"நான் ஏறினா ஆகாதா?"

"நீ பெத்த உடம்பு. தண்ணி குடிச்சா ஒரு எடை, பால் குடுத்தா ஒரு எடை. உனக்கு வெறும் எடை நிக்காது. என் எடை பத்து வருஷமா மாறலை."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. பத்து வருஷம் ஒரே எடையில் இருப்பதற்கு மெடல் கொடுப்பார்கள் போலிருக்கிறது. பனியனும் அரைக்கால் சட்டையுமாகத் தனியாக ஏறி நின்று குண்டை நகர்த்தினார். எழுபத்திரண்டு கிலோ நானூறு. இறங்கி வந்து கூடத்துச் சுவரில், பெரிய எழுத்தில், தச்சர் பென்சிலால் எழுதினார். வெறும் எடை, எழுபத்திரண்டு நானூறு. அதற்குக் கீழே மூன்று கட்டம் போட்டார். மொத்தம், வெறும், சரக்கு.

ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பிள்ளை உங்களுக்குச் சரக்கா?"

"பழக்கத்துல எழுதிட்டேன்," என்றார். ஆனால் அழிக்கவில்லை.

அன்று சரக்கு மூன்று கிலோ. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு, அதே பனியன், அதே அரைக்கால் சட்டை. முதலில் எடைக்கல்லை வைத்துத் தராசு சரியா என்று பார்ப்பார். பிறகு குழந்தையை உடுப்புக் கழற்றி வாங்கிக்கொண்டு ஏறுவார். அந்தக் குழந்தைக்கு அந்த இரும்புப் பலகையைக் கண்டாலே ஆகாது, ஊரைக் கூட்டும். அது கையைக் காலை ஆட்டும், கோல் ஆடும், "அசையாம இரும்மா, அசையாம இரு," என்று இவர் அதற்கு உத்தரவு போடுவார். லாரி டிரைவர்கள் கேட்பார்கள், பச்சைக் குழந்தை கேட்குமா?

நாலாம் வாரம் மூன்று தொள்ளாயிரம். முத்திரை உதட்டைப் பிதுக்கினார். எட்டாம் வாரம் நாலு நானூறு. முகம் சுருங்கிவிட்டது. பிறகு ஒரு வாரம் ஏறவே இல்லை. அடுத்த வாரம் இருநூறு ஏறியது. அதற்குப் பிறகு நாலு அறுநூறிலேயே படுத்துக்கொண்டது.

"குழந்தை வளரலை," என்றார், சீட்டு எழுதுகிற குரலில்.

"கண்ணைத் தொறந்து பாருங்க. போன மாசம் போட்ட சட்டை இந்த மாசம் கையில ஏறலை. கழுத்துல மடிப்பு விழுது. தொடையைப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

"கண்ணுக்குத் தெரியறது எடை இல்ல. தார்ப்பாய் போட்டு மூடினா எல்லா லாரியும் நிறைஞ்ச மாதிரிதான் தெரியும். மேடையில ஏத்தினாத்தான் உண்மை."

இப்படி ஒரு மனுஷரோடு குடித்தனம் பண்ணுவதற்குப் பேசாமல் அந்த எடைக்கல்லோடு பண்ணியிருக்கலாம் என்று ஊசி தலையில் அடித்துக்கொண்டாள்.

எட்டாம் வாரமே அவள் குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இவரும் கூட வந்தார், வராமல் இருந்திருக்கலாம். நர்ஸம்மா குழந்தையைத் தராசுத் தொட்டிலில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "அஞ்சு கிலோ நூறு. நல்லா இருக்கா. தாய்ப்பாலே குடுங்க, வேற எதுவும் வேண்டாம்," என்றாள். ஊசிக்கு நெஞ்சில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. முத்திரை குனிந்து தராசின் அடிப்பக்கம் பார்த்தார். பின்னாடி பார்த்தார். குழந்தையை எடுத்த பிறகு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்.

"சிஸ்டர், முள்ளு சைபர்ல நிக்கலையே. முத்திரையும் காணோம்."

நர்ஸம்மா சிரித்தாள். "முத்திரை போட ஆள் வந்தே நாலு வருஷம் ஆச்சு சார். அதுபாட்டுக்கு ஓடுது."

போச்சு. வழி நெடுக அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். முத்திரை இல்லாத தராசில் எவனும் ஒரு மூட்டை வெங்காயம்கூட நிறுக்கமாட்டான், பச்சைக் குழந்தையை நிறுக்கிறார்களே என்று. நர்ஸம்மாவின் ஐந்து கிலோ நூறு சுவரில் ஏறவில்லை. ஊசி சண்டை போட்டாள், கெஞ்சினாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இதற்குள் சேதி அவர் அக்காவுக்குப் போய்விட்டது. நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். செருப்புக் கடையில் வேலை. யார் வந்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள், அப்புறம்தான் முகம். வந்தாள், குழந்தையின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"இதென்ன, மூணு வாரமா ஒரே இடத்துல நிக்குது?"

"அதான்க்கா எனக்கும் கவலை," என்றார் தம்பி.

"நான் சொன்னா உனக்குக் கோவம் வரும்," என்றாள் நாத்தனார், ஊசியைப் பார்த்து. கோபம் வரும் என்று தெரிந்தே சொல்கிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள். "பால் பத்தலம்மா. சில பேருக்கு வராது. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எனக்கும்தான் வரலை. மூணையும் டின் பால்லதான் வளர்த்தேன், என்ன கெட்டுப் போச்சு?"

"குட்டி நல்லாத்தான் குடிக்கிறா அண்ணி. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துணி நனைக்கிறா."

"நனைக்கிறது இருக்கட்டும். சுவத்துல என்ன எழுதியிருக்கு பாரு."

சுவத்துல என்ன எழுதியிருக்கு பாரு. இதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்த முறை வந்தபோது நாத்தனார் கையில் ஒரு பால்பவுடர் டின் இருந்தது. அதைச் சமையலறை அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற தட்டில், முன்பக்கம் தெரிகிற மாதிரி வைத்தாள். கொழுகொழுவென்று ஒரு குழந்தை அதில் சிரித்துக்கொண்டிருந்தது. ஊசி ஒவ்வொரு முறை தண்ணீர் எடுக்கப் போகும்போதும் அது அவளைப் பார்த்துச் சிரித்தது. திருப்பி வைத்தாள். யாரோ மறுபடியும் நேராக வைத்தார்கள்.

வெளியே ஆயிரம் வாய் பேசினாலும் உள்ளே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தை வாயை எடுத்ததும், வயிறு நிறைந்து எடுத்ததா, இல்லை ஒன்றும் வரவில்லை என்று எடுத்ததா என்று யோசிக்க ஆரம்பித்தாள். அழுதால் பசியோ, தூங்கினால் சோர்வோ. குளிக்கும்போது தன் மார்பைப் பார்த்து, நீ என்னை ஏமாற்றுகிறாயா என்று கேட்கத் தோன்றியது. ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த குழந்தையைத் தன் உடம்பே பட்டினி போடுகிறதோ என்ற நினைப்பு வந்த நாளிலிருந்து அவளால் யாரிடமும் பழைய மாதிரி வாய்கொடுக்க முடியவில்லை. அதைப் பார்த்து நாத்தனார், "இப்பத்தான் அவளுக்கே உறைக்குது," என்றாள்.

பதின்மூன்றாம் வாரத்துக்கு ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. போட்டது நாத்தனார், தலையாட்டியது தம்பி. ஞாயிற்றுக்கிழமை எடை நாலு எழுநூறைத் தாண்டினால் டின் திரும்பிப் போய்விடும், யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். தாண்டாவிட்டால் அன்றைக்கே டின்னைத் திறப்பது, தாய்ப்பாலை நிறுத்துவது. "ரெண்டும் கலந்து குடுத்தா குழந்தை எதையும் ஒழுங்காக் குடிக்காது," என்பது நாத்தனாரின் அனுபவம். ஊசி பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். வேறு என்ன சொல்வது? ஒருவேளை அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால், பிடிவாதத்துக்குப் பிள்ளையைப் பலி கொடுக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள், ஒரு புட்டியைக் கொதிக்கப் போட்டாள். தீர்ப்புக்கு முன்னாலேயே தூக்குமேடை தயார். முத்திரை பனியனும் அரைக்கால் சட்டையுமாக வந்தார். அவர் முகமும் சரியாக இல்லை, இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. எடைக்கல்லைத் தூக்கிப் பலகையில் வைத்தார், குண்டை நகர்த்தினார். இருபது, பிசகில்லை. கல்லை இறக்கிக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். ஊசி குழந்தையைக் கொடுத்தாள்.

குழந்தை அழுதது. கோல் ஆடி, ஆடி, நின்றது.

"எழுபத்தாறு தொள்ளாயிரம்," என்றார். சுவரில் எழுதியிருந்த வெறும் எடையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கழிக்கத் தெரியாத ஆள் இல்லை. "நாலு ஐநூறு. நூறு கிராம் குறைஞ்சிருக்கு."

அழுகிற குழந்தையை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பலகைமேலேயே நின்றார். நாத்தனார் சமையலறைக்குள் போனாள். கரண்டிக் காம்பால் டின் மூடியை நெம்புகிற சத்தம் கேட்டது.

ஊசிக்கு அந்தச் சத்தத்தில் ஏதோ ஒன்று அறுந்தது. பயமும் போயிற்று, மரியாதையும் போயிற்று. பதின்மூன்று வாரமாக உள்ளே போட்டு அமுக்கிய எரிச்சல் மொத்தமும் தொண்டைக்கு வந்தது.

"நில்லுங்க அண்ணி. மூடியைத் தொறக்காதீங்க. நான் ஒரு தடவை போட்டுப் பாக்கறேன்."

"நீ ஏறக் கூடாது," என்றார் முத்திரை. "உனக்கு வெறும் எடை..."

"நான் ஏறலை. நீங்களும் ஏற வேண்டாம். இறங்குங்க. இந்த வீட்டு மனுஷங்க யார் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல. பத்துக் கிலோவுக்குக் கீழ பேசாதுன்னு சொன்னீங்கல்ல? அதுக்கு உங்களைவிட இந்த இரும்பு மேல்."

குனிந்து அந்த இருபது கிலோவைத் தானே தூக்கி வைத்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, தூக்காதே என்று சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை. பக்கத்தில் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டியை வைத்தாள், அதில் ஒரு துண்டு. குண்டை நகர்த்தினாள். பதின்மூன்று வாரமாகப் பார்த்த வேலை, எதிரிக்குத் தெரிந்த வித்தை தனக்குத் தெரியாதா? இருபது அறுநூறு. பிறகு குழந்தையை அவரிடமிருந்து வாங்கித் தொட்டியில் கிடத்தினாள். தொட்டி பழகிய இடம், குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் காலை உதைத்தது. கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

கோல் இருபத்தாறு அறுநூறில் சமமாக நின்றது.

ஊசி இரண்டு முறை பார்த்தாள். "ஆறு," என்றாள்.

"ஆறு என்ன?" என்று கேட்டாள் நாத்தனார், கரண்டியோடு வாசற்படியில் நின்று.

"ஆறு கிலோ. உங்க தம்பியையே கேளுங்க."

முத்திரை வந்து பார்த்தார். குழந்தையை எடுத்துவிட்டுத் தொட்டியை மட்டும் பார்த்தார். தொட்டியை எடுத்துவிட்டுக் கல்லை மட்டும் பார்த்தார். திரும்ப எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். மூன்று முறை. மூன்று முறையும் ஆறு.

"தராசு கெட்டுப் போச்சுடா தம்பி," என்றாள் நாத்தனார்.

"தராசு சரி," என்றார் அவர். எந்த நிலைமையிலும் தராசை விட்டுக்கொடுக்கமாட்டார். "கல்லுக்கு முத்திரை இருக்கு. தராசுக்கு முத்திரை இருக்கு." சொல்லிவிட்டு அப்படியே நின்றார். ஒரு பொருள் சரி, இன்னொரு பொருள் சரி, குழந்தை ஆறு கிலோ. அப்படியானால் கணக்கில் பாக்கி இருப்பது யார் என்று அவருக்கு மற்ற இருவருக்கும் முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், அந்த மனுஷர் முகம் அப்படித்தான் இருந்தது.

ஊசி கல்லையும் தொட்டியையும் இறக்கினாள். "ஏறுங்க," என்றாள். "தனியா."

ஏறினார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். குண்டை அவள் நகர்த்தினாள். எழுபத்திரண்டு நானூறில் வைத்தாள், கோல் தொங்கியது. இடப்பக்கம் தள்ளினாள். எழுபத்திரண்டு. தொங்கியது. எழுபத்தொன்று ஐநூறு. தொங்கியது. கடைசியில் எழுபது தொள்ளாயிரத்தில் வந்து நின்றது.

"ஒன்றரைக் கிலோ," என்றாள். "ஒன்றரைக் கிலோ இளைச்சிருக்கீங்க. அதைக் குழந்தை தலையில எழுதியிருக்கீங்க."

நாத்தனாருக்குக் கணக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் கரண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்றாள்.

முத்திரை பலகையைவிட்டு இறங்காமலே பேசினார். "பத்து வருஷமா மாறலையே. எனக்கு எப்படி..."

"மத்தியானம் சாப்பிடறீங்களா இல்லையா?"

அவர் குனிந்து காலடிப் பலகையைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல. டப்பா தினம் காலியாத்தானே வருது?"

"மேடைகிட்ட ஒரு நாய் இருக்கு," என்றார்.

கைக்குழந்தையை ஒரு இடுப்பில் வைத்துக்கொண்டு, விடிகாலையில் எழுந்து, அவசர அவசரமாகச் சமைத்துக் கட்டிக்கொடுத்த சாப்பாடு. "நாய்க்கா போட்டீங்க?"

"இறங்கலை. ஞாயித்துக்கிழமை எடையைப் பாத்துட்டா திங்கக்கிழமையிலேருந்து தொண்டையில எதுவும் இறங்க மாட்டேங்குது. குட்டி சாப்பாடு இல்லாம கிடக்குது, நான் எப்படிச் சாப்பிடறதுன்னு..."

"அந்த நாயை நிறுத்துப் பாத்தீங்களா? ரெண்டு கிலோ ஏறியிருக்கும்."

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வரப் பார்த்தது, வரவிடவில்லை. எவ்வளவு முட்டாள்தனம் இது. குழந்தை எடை ஏறவில்லை என்று இவர் சாப்பிடவில்லை, இவர் சாப்பிடாததால் குழந்தை எடை ஏறவில்லை. அடித்து நொறுக்கலாமா, கட்டிப் பிடித்து அழலாமா என்று தெரியாத கோபம் ஒன்று இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே மோசமானது. எதிரி பாவமாகவும் இருந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

குழந்தை சிணுங்கியது. ஊசி அதைத் தூக்கிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மார்பில் போட்டுக்கொண்டாள். மூன்று மாதமாக உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குற்றவாளி மாதிரி பால் கொடுத்தவள். இன்று போகவில்லை.

"அண்ணி," என்றாள். "தண்ணி கொதிச்சிருச்சா?"

"கொதிச்சிருச்சும்மா. அணைச்சிடறேன்."

"அணைக்காதீங்க. அந்த டின்னைத் தொறந்து ஒரு டம்ளர் நிறையக் கரைச்சு உங்க தம்பிக்குக் குடுங்க. இந்த வீட்டுல எடை குறைஞ்சவர் அவர்தான்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஊசி முகத்தில் விளையாட்டு இல்லை. நாத்தனார் உள்ளே போனாள். மூடி திறந்தது, டம்ளரில் கரண்டி கலக்குகிற சத்தம் கேட்டது. கொண்டுவந்து கொடுத்தாள். முத்திரை பலகையைவிட்டு இறங்கி, வாங்கி, ஒரு வாய் குடித்தார். முகம் கோணிக்கொண்டது. ஆனாலும் நிறுத்தாமல், மருந்து மாதிரி, அடி வரைக்கும் குடித்து முடித்தார்.

"நல்லாவே இல்ல," என்றார் மெதுவாக. பிறகு, "உனக்குப் பால் பத்தலைன்னு நான் ஒரு நாளும் சொல்லலை," என்றார்.

"நீங்க சொல்லலை. சுவத்துல எழுதினீங்க."

"அழிச்சிடறேன்."

"அழிச்சா போயிடுமா?"

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்புறம் வரேன்," என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனாள். வாசல் கதவு சாத்திக்கொண்டது. ஊசி அதுவரைக்கும் காத்திருந்த மாதிரி பேசினாள். குரலில் ஊசி இல்லை.

"வெள்ளிக்கிழமை நீங்க வேலைக்குப் போன பிறகு அந்த டின்னை நான் கையில எடுத்தேன். எத்தனை கரண்டி போடணும்னு ரெண்டு தடவை படிச்சேன். மூடியில கையை வெச்சிட்டேன். பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டாங்க, அதனால தப்பிச்சுது. அவங்க கூப்பிடலைன்னா நானே குடுத்திருப்பேன். குட்டியைப் பாத்தேன், நல்லா இருக்கா, கொழுகொழுன்னு இருக்கா, என் கண்ணுக்குத் தெரியுது. ஆனா சுவத்தைப் பாத்தேன், சுவத்தைத்தான் நம்பினேன். உங்க அக்கா பேசினதைக்கூட மறந்துடுவேன். பெத்த பிள்ளைகிட்ட என்னையே நான் நம்பாம ஆக்கிட்டீங்களே, அது எனக்கு ஆறவே மாட்டேங்குது."

முத்திரை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அங்கேயே இருந்தார்.

குழந்தை ஒரு பக்கம் குடித்து முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு அழுதது. ஊசி அதை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.